டீசல் ஹீட்டர் ஈ-10, ஈ-03 காட்டுகிறது: எலக்ட்ரிக்கல் பாகங்களை சிங்கப்பூரில் எப்படிச் சோதிப்பது?

தெம்பனிஸ்வாசி:

வேனில் 12 வோல்ட் டீசல் ஏர் ஹீட்டர் பொருத்தியிருக்கிறது. சீனத் தயாரிப்பு, 5 கிலோவாட் என்று ஸ்டிக்கர், 22 மி.லி. பம்ப். ஆண்டுக் கடைசியில் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் வழியாக யுன்னான் போகத் திட்டம். அங்கே மலைமேல் ராத்திரி நேரத்தில் இது கைவிரித்தால் கஷ்டம் என்பதால் இங்கேயே தீர்த்துவிடப் பார்க்கிறேன்.

ஆன் செய்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, சற்று நேரத்தில் பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறது, எக்ஸாஸ்ட்டில் வெள்ளைப் புகை வருகிறது, பிறகு ஈ-10 (பற்றவில்லை). மறுபடி முயன்றால் சில நேரம் பற்றிக்கொள்கிறது. எப்போதாவது ஈ-03 (குளோ பிளக் கோளாறு). டெம்பரேச்சர் மோடில் 22 டிகிரி வைத்தால் பற்றவைக்கும் முயற்சியே இல்லை.

நிழலில், 31 டிகிரியில், மல்டிமீட்டரில் எடுத்த ரீடிங்:

பேட்டரி 12.6 வோல்ட், ஹீட்டர் கனெக்டரிலும் 12.6
20 ஆம்ப் ஃபியூஸ், கன்டினியூட்டி இருக்கிறது
குளோ பிளக் (சூடேறி டீசலைப் பற்றவைப்பது) 0.9 ஓம்
பம்ப் 10.4 ஓம்
பாடி சென்சார் (ஹீட்டர் உடம்பின் வெப்பம் பார்ப்பது) 1.12 கிலோ ஓம்

பேட்டரியிலிருந்து ஹீட்டருக்கு 3 மீட்டர், 2.5 ச.மி.மீ. வயர். மைனஸ், ஹீட்டருக்குப் பக்கத்திலேயே பாடியில் ஸ்குரூ போட்டு எர்த் எடுத்திருக்கிறது. காட்டிய இடத்தில் "போர்டு போயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். மாற்றுவதற்கு முன் எதை, எப்படி, எந்த வரிசையில் பார்க்கலாம்?

---

ஓம்விதி:

போர்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதில் போர்டைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. பம்ப் அடிக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, சில நேரம் பற்றிக்கொள்கிறது என்றால் போர்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

வெள்ளைப் புகையும் ஒரு தகவல்தான். அது எரியாமல் ஆவியான டீசல். ஆக எரிபொருள் அறைக்குள் வந்து சேர்கிறது, தீ பிடிக்கவில்லை. பம்பின் மேல் சந்தேகம் குறைகிறது, குளோ பிளக்கும் அதற்குப் போகும் வோல்ட்டேஜும் முன்னால் வந்து நிற்கின்றன.

இரண்டு இடத்திலும் 12.6 என்கிறீர்களே, அது ஹீட்டர் சும்மா இருக்கும்போது எடுத்தது. கரண்ட் ஓடாத வயரில் டிராப், அதாவது வோல்ட்டேஜ் இழப்பு, இருக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும், பீப் அடிக்கும். ஃபியூஸுக்கும் அதே கதைதான். இந்த ஹீட்டரில் பெரிய லோடு குளோ பிளக் மட்டும்தான். அது சூடாகும் நேரத்தில் மொத்தக் கரண்ட் 8 முதல் 10 ஆம்ப் வரை போகும். அந்த நேரத்தில் எடுக்கும் ரீடிங்தான் ரீடிங்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஹீட்டரை ஆன் செய்யுங்கள். பம்ப் அடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன், குளோ முழுவீச்சில் இருக்கும்போது நான்கு அளவு எடுக்க வேண்டும்.

முதலாவது, பேட்டரி போஸ்ட்டிலிருந்து போஸ்ட்டுக்கு. கேபிள் லக் மேல் அல்ல, ஈயப் போஸ்ட் மேலேயே புரோபை வையுங்கள். இரண்டாவது, ஹீட்டர் கனெக்டரின் பின்பக்கமாக புரோபை நுழைத்து பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே. கனெக்டரைக் கழற்றி அளந்தால் பலனில்லை, அது மாட்டியபடி இருக்க வேண்டும். மூன்றாவது, பேட்டரி பிளஸ் போஸ்ட்டிலிருந்து ஹீட்டர் கனெக்டர் பிளஸுக்கு. நான்காவது, ஹீட்டர் கனெக்டர் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் போஸ்ட்டுக்கு. கடைசி இரண்டும் மில்லிவோல்ட் கணக்கில் வரும். மைனஸ் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எனக்குப் பிடிக்காது, பிளஸ் பக்கம் ஃபியூஸ் ஹோல்டரையும் சேர்த்து 0.3.

2.5 ச.மி.மீ. செம்பு வயர் 3 மீட்டருக்கு 0.021 ஓம். 9 ஆம்ப் ஓடினால் 0.19 வோல்ட். அதற்கு மேல் வருவதெல்லாம் வயரில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. பாடியில் ஸ்குரூ போட்ட எர்த் என்று படித்ததுமே எனக்கு அங்கேதான் கண் போனது.

இன்ஜினை ஓடவிட்டு அளக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கும்போது ஒன்றரை வோல்ட் தொலைந்தாலும் ஹீட்டருக்கு 12.5 போய்விடும், கோளாறு ஒளிந்துகொள்ளும். ராத்திரி இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூங்கும்போதுதானே இது ஓடப்போகிறது. அதுபோக, வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை வீணாக ஓடவிடுவது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும்.

---

சிம்லிம்ராஜா:

குளோ பிளக்கைக் கழற்றி, பேட்டரியில் நேரா 12 வோல்ட் கொடுத்துப் பாருங்க. சிவந்தா நல்லது, சிவக்கலைன்னா மாத்துங்க. எதுக்கு இவ்வளவு கணக்கு?

---

காக்கிபுக்கிட் கனி:

ராஜா, அது எல்லா ஹீட்டருக்கும் ஒத்துவராது. இதைப் படித்துவிட்டு ஜெர்மன் ஹீட்டர் வைத்திருக்கும் ஒருவர் அப்படிச் செய்தால் பிளக் அங்கேயே காலி. எபர்ஸ்பாஹர் ஏர்ட்ரானிக் 12 வோல்ட் மாடலில் இருப்பது 8 வோல்ட் பிளக். கன்ட்ரோல் யூனிட் வெட்டி வெட்டிக் கொடுத்துத்தான் அதை ஓட்டுகிறது. நேராக பேட்டரியில் வைத்தால் எரிந்துவிடும். பிளக்கின் உடம்பில் என்ன வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளையில் அந்த வோல்ட்டேஜை மட்டும் கொடுங்கள்.

இனி தெம்பனிஸ்வாசியின் ஓம் ரீடிங்குகள். தயாரிப்பாளர் அட்டவணைகள் பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரிக்கு எழுதப்பட்டவை. நம் ஊரில் நிழலிலேயே 31. அட்டவணையை அப்படியே ஒப்பிட்டு நல்ல பாகத்தைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

பம்ப்: செம்புக் காயில். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 31 டிகிரியில் 10.4 என்றால் 20 டிகிரியில் 10 ஓம். 12 வோல்ட் பம்புக்குப் பொருத்தமான அளவுதான். 24 வோல்ட் பம்பைத் தெரியாமல் மாட்டியிருந்தால் இதைப் போல மூன்று நான்கு மடங்கு காட்டும், பலவீனமாக அடிக்கும். ஆன்லைனில் மாற்றுப் பம்ப் வாங்கும்போது இந்தக் கலப்படம் நடக்கிறது. பம்பின் ஒரு பின்னிலிருந்து அதன் உலோக உடம்புக்கும் அளந்து பாருங்கள், எதுவுமே காட்டக்கூடாது.

சென்சார்: உங்களுடையது 1.12 கிலோ ஓம் காட்டுவதால் பிடி1000 வகையாகத்தான் தெரிகிறது. அது 0 டிகிரியில் 1000 ஓம், 31 டிகிரியில் 1121, 80 டிகிரியில் 1309. ஒரே ஒரு புள்ளியில் சரியாக இருப்பது போதாது. சென்சார் முனையை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் தண்ணீரில் ஒரு முறை, தெர்மாமீட்டர் போட்ட சுடுதண்ணீரில் ஒரு முறை. இடையில் வயரை ஆட்டுங்கள். எண் குதித்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. என்டிசி வகையாக இருந்தால் எதிர்த்திசையில் போகும்: சூடு ஏற ஏற ஓம் இறங்கும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ள சாதாரண என்டிசி நம் ஊர் 32 டிகிரியில் 7.4 கிலோ ஓம் அளவில் நிற்கும். அதைப் பார்த்து "கால்வாசி குறைகிறதே" என்று பயப்பட வேண்டாம்.

குளோ பிளக் 0.9 என்பதை நான் நம்பவில்லை. புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரில் லீடுக்கே 0.2, 0.3 ஓம் போய்விடும். ஒரு ஓமுக்குக் கீழே இருக்கும் பொருளை ஓம் பட்டனில் அளப்பது வீண் வேலை. வேறு வழி இருக்கிறது: பவர் சப்ளையில் கரண்ட் லிமிட்டைச் சரியாக 1 ஆம்புக்கு வைத்துப் பிளக் வழியாக ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, புரோபை பவர் சப்ளை கிளிப் மேல் அல்ல, பிளக்கின் பின் மேலேயே வைத்துப் படியுங்கள். 0.58 வோல்ட் என்றால் 0.58 ஓம். அவ்வளவுதான், லீடுக் கணக்கு உள்ளே வராது. சில விநாடியில் முடித்துவிடுங்கள், பிளக் சூடானால் ஓம் ஏறும்.

செராமிக் பிளக்கில் இன்னொரு தொல்லை. மயிரிழை விரிசல் இருந்தால் குளிர்ந்த நிலையில் ஓம் சரியாக வரும், சூடாகி விரியும்போது திறந்துகொள்ளும். எப்போதாவது மட்டும் ஈ-03 வருவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, கவரைத் திறந்தால் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பின் பிளக் கனெக்டர் தளர்ந்திருப்பது. இரண்டாவதுதான் அதிகம். கனெக்டரைக் கழற்றி பின்னின் நிறத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் கறுத்திருந்தால் அங்கே சூடாகிக்கொண்டிருக்கிறது.

---

தெம்பனிஸ்வாசி:

நன்றி அண்ணன்மார்களே. ரீடிங் எடுத்துவிட்டேன். குளோ ஓடும்போது:

பேட்டரி போஸ்ட் 12.3
ஹீட்டர் கனெக்டர் 10.7
பிளஸ் பக்க டிராப் 0.5
மைனஸ் பக்க டிராப் 1.1

புரோபைச் சேர்த்துப் பிடித்தால் 0.3 ஓம் காட்டுகிறது. ஆக பிளக் 0.6. 1 ஆம்ப் முறையில் 0.59 வந்தது. கிளாம்ப் மீட்டர் ஒன்று இருக்கிறது, அதில் எப்போதும் பூஜ்யம்தான் காட்டுகிறது. 10.7 இருந்தால் வோல்ட்டேஜ் குறைவு என்று ஈ-01 வர வேண்டாமா? ஏன் ஈ-10 வருகிறது?

---

ஓம்விதி:

கிளாம்ப் மீட்டர் ஏசிக்கு மட்டும் உள்ளதாக இருக்கும். டிசி அளக்க ஹால் சென்சார் உள்ள கிளாம்ப் வேண்டும். வாங்கும்போது "டிசி ஆம்ப்" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிம் லிம் டவரில் கேட்டால் கிடைக்கும்.

பதில் உங்கள் எண்ணிலேயே இருக்கிறது. ஹீட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும் குறைந்த வோல்ட்டேஜ் எல்லை 12 வோல்ட் மாடல்களில் 10.5 அல்லது அதற்குப் பக்கம். நீங்கள் 10.7-ல் நிற்கிறீர்கள். போர்டுக்கு அது போதும், அது குறை சொல்லாது. ஆனால் குளோ பிளக்கின் வெப்பம் வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 12.3-க்குப் பதில் 10.7 என்றால் வெப்பம் சுமார் 25 சதவீதம் குறைகிறது. பிளக் சிவக்கும், டீசலை ஆவியாக்கும், பற்றவைக்கத் தெம்பு இருக்காது. வெள்ளைப் புகை, ஈ-10. எல்லாம் பொருந்திவிட்டது பாருங்கள். இது 31 டிகிரியில். பூஜ்யத்துக்குக் கீழே பேட்டரியும் தளர்ந்துவிடும், டீசலும் ஆவியாகச் சண்டித்தனம் பண்ணும், அங்கே இது ஒருமுறைகூடப் பற்றாது.

1.1 வோல்ட்டை 9 ஆம்பால் வகுத்தால் 0.12 ஓம். அதுதான் அந்த ஸ்குரூ. பெயின்ட் மேல் போட்ட தானே துளைக்கும் ஸ்குரூ இரண்டு மூன்று புரியில்தான் பிடிக்கும். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துருவும் வந்துவிடும்.

பாடி எர்த்தைச் சுரண்டிச் சரிசெய்ய நேரம் செலவழிக்காதீர்கள். மைனஸுக்குத் தனியாக 6 ச.மி.மீ. வயரை பேட்டரி வரை இழுத்துவிடுங்கள். 3.5 மீட்டர் என்றாலும் 0.01 ஓம்தான், டிராப் 0.1 வோல்ட்டுக்குள் அடங்கும். பிளஸையும் 6 ஆக்கலாம், ஆனால் முதலில் அந்த 0.5-ஐப் பிரித்துப் பாருங்கள். ஒரு புரோபை பேட்டரி பிளஸிலேயே வைத்துக்கொண்டு மற்றதை ஃபியூஸ் ஹோல்டருக்கு முன், ஃபியூஸுக்குப் பின், ஜாயின்ட்டுக்குப் பின் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். எண் எங்கே சட்டென்று ஏறுகிறதோ அங்கேதான் வியாதி. வயருக்கு 0.19 போக மீதி 0.3 ஃபியூஸ் ஹோல்டரில் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த செட்டோடு வரும் ஹோல்டர்கள் அவ்வளவு மெலிசு. குளோ ஓடிய பிறகு ஹோல்டரைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

---

பழைய வயர்மேன்:

ஓம்விதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹீட்டர் பற்ற மறுக்கும்போது அதை வைத்தே லோடு டெஸ்ட் செய்ய முடியாது, ஓரிரு நிமிடத்தில் அணைந்துவிடும். ஹெட்லைட் பல்பு ஒன்று, 12 வோல்ட் 55 வாட், இரண்டு வயரில் சால்டர் செய்து பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கக் கனெக்டரில் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே பல்பைப் போட்டால் 4.6 ஆம்ப் அளவில் நிதானமாக ஓடும். அவசரமில்லாமல் ஒவ்வொரு ஜாயின்ட்டாக அளக்கலாம். வரும் டிராப்பை இரண்டால் பெருக்கினால் குளோ நேரத்துக் கணக்கு கிட்டத்தட்ட கிடைத்துவிடும்.

பம்ப் வயருக்கு இவ்வளவு பெரிய பல்பு வேண்டாம், பிரேக் லைட் 21 வாட் போதும். பம்ப் வண்டிக்கு அடியில் இருப்பதால் மழைத்தண்ணீர் நேராகக் கனெக்டரில் அடிக்கிறது. கனெக்டரைக் கழற்றும்போது பின்னில் பச்சைப் பூச்சு இருந்தால் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டுவது பிரயோஜனமில்லை. அந்தப் பச்சை, வயரின் உறைக்குள்ளும் ஏறியிருக்கும். உறையை இரண்டு சென்டிமீட்டர் உரித்துப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிவிட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு இணையுங்கள். நீலக் கலர் அமுக்கு கனெக்டர், அதாவது வயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்குமே, அது இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

பவர் சப்ளை வைத்து மேசைமேல் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு: 10 ஆம்ப் அடாப்டர் குளோ தொடங்கியதும் மண்டியிட்டுவிடும், பிறகு ஹீட்டரைக் குறை சொல்வீர்கள். 20 ஆம்ப் சப்ளை, இல்லையென்றால் நல்ல பேட்டரி.

---

காக்கிபுக்கிட் கனி:

டிசி கிளாம்ப் கிடைத்ததும், பேட்டரி பிளஸ் வயரில் மாட்டிவிட்டு ஹீட்டரை ஆன் செய்து கரண்ட் நடக்கும் விதத்தைப் பாருங்கள். கோட் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். முதலில் ஃபேன் மட்டும்: ஒரு ஆம்ப் அளவு அல்லது அதற்கும் கீழே. பிறகு குளோ சேர்ந்து 8, 10 ஆம்ப் வரை எகிறி, பிளக் சூடாக ஆக மெல்ல இறங்கும். பம்ப் அடிக்கத் தொடங்கும்போது முள் லேசாகத் துள்ளும். தீ பிடித்ததாக ஹீட்டர் உணர்ந்ததும் குளோ அணைந்து கரண்ட் சடாரென்று ஓரிரண்டு ஆம்புக்கு வந்துவிடும்.

எகிறவே இல்லை என்றால் குளோ சர்க்யூட் எங்கோ திறந்திருக்கிறது. எகிறி, கனெக்டரில் வோல்ட்டேஜும் நன்றாக இருந்து, பம்பும் அடித்து, தீ மட்டும் இல்லை என்றால் எலக்ட்ரிக்கலை விட்டுவிட்டு பிளக் அறையில் இருக்கும் சல்லடை வலையையும் காற்று வரும் பைப்பையும் பாருங்கள். கரி அடைத்த வலைதான் ஈ-10-க்குப் பொதுவான காரணம். நம் பக்கத்தில் ரொம்ப நாள் ஓடாமல் கிடக்கும் ஹீட்டரின் எக்ஸாஸ்ட், இன்டேக் பைப்புகளில் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள்.

தீ பிடித்து, வெளியே சூடான காற்றும் வந்து, அதன் பிறகு ஈ-08 (தீ அணைந்தது) அல்லது ஈ-10 வருகிறதா? அப்படியென்றால் சென்சார். இந்தச் சீன ஹீட்டர்களில் தீயைப் பார்க்கத் தனி சென்சார் கிடையாது. அலுமினிய உடம்பு சூடாவதைப் பாடி சென்சார் வழியாகப் பார்த்துத்தான் "பற்றிவிட்டது" என்று போர்டு முடிவு செய்கிறது. சென்சாரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் நழுவியிருந்தால், ஓம் ரீடிங் அத்தனையும் சரியாக இருந்தும் சூடு சென்சாருக்குப் போய்ச் சேராது. ஏர்ட்ரானிக்கில் தீ சென்சார் தனி. வெபாஸ்டோ ஏர் டாப் 2000 எஸ்டியில் குளோ பிளக்கே தீ சென்சாராகவும் வேலை செய்கிறது. பற்றிய பிறகு அதன் ஓம் எப்படி மாறுகிறது என்று கன்ட்ரோல் யூனிட் கவனிக்கும். அதனால்தான் அங்கே ஒத்த அளவுள்ள வேறு கம்பெனி பிளக் போட்டால் சூடாகும், ஆனால் தீ இருப்பது தெரியாமல் அணைந்துவிடும்.

கோட் எண்களும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஏர்ட்ரானிக்கில் 020 என்றால் குளோ பிளக் சர்க்யூட் திறந்திருக்கிறது, 048 பம்ப் சர்க்யூட் திறந்திருக்கிறது, 052 பற்றவில்லை, 064 தீ சென்சார் திறந்திருக்கிறது. சீன ஹீட்டர்களில் கன்ட்ரோலர் மாறினால் பட்டியலும் மாறலாம், உங்கள் கன்ட்ரோலரோடு வந்த தாளைத்தான் நம்ப வேண்டும்.

ஃபேனுக்கு ஓம் பார்த்துப் பயனில்லை, ரோட்டர் நிற்கும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். கையால் சுற்றிப் பாருங்கள், சிக்காமல் சுற்ற வேண்டும். ஃபேன் இறக்கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும், போர்டில் இருக்கும் ஹால் சென்சார் அதை எண்ணித்தான் வேகத்தை அறிகிறது. பேரிங் மாற்ற இறக்கையைக் கழற்றியவர்கள் திரும்ப ஏற்றும்போது ஷாஃப்ட்டில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டால் காந்தம் சென்சாருக்கு எட்டாது. மோட்டார் ஜோராகச் சுற்றும், ஹீட்டர் ஈ-06 என்று நிற்கும். கழற்றும் முன் இடைவெளியை அளந்து குறித்துவைத்தால் இந்த வம்பே இல்லை.

---

சிம்லிம்ராஜா:

8 வோல்ட் பிளக் விஷயம் சரிதான் கனி, எனக்கு அது தோணலை. பம்பை மட்டுமாவது நேரா பேட்டரியில் வெச்சுப் பார்க்கலாமா?

---

பழைய வயர்மேன்:

தட்டித் தட்டி எடுக்கலாம், பிடித்து வைக்கக்கூடாது. அந்தக் காயில் துடிப்புக்கு என்று செய்தது, தொடர்ந்து 12 வோல்ட் கொடுத்தால் சூடாகிவிடும். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு "டக்" கேட்க வேண்டும்.

சத்தம் வந்தால் மட்டும் பம்ப் நல்லது என்று அர்த்தமில்லை. 22 மி.லி. பம்ப் என்றால் 1000 துடிப்புக்கு 22 மி.லி. கன்ட்ரோலரில் பிரைமிங் மோட் (லைனில் டீசல் நிரப்புவது) போட்டு, குமிழி எல்லாம் போன பிறகு, ஹீட்டர் பக்கக் குழாயைக் கழற்றி ஊசி போடும் சிரிஞ்சுக்குள் விடுங்கள். 200 துடிப்புக்கு 4.4 மி.லி. வர வேண்டும். பத்து சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. குறைவாக வந்தால் முதலில் பில்டரையும் டேங்க் பக்க ஜாயின்ட்டையும் பாருங்கள், காற்று இழுத்தாலும் இப்படித்தான் வரும். பம்ப் படுத்திருக்கக்கூடாது, வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் எண் தாறுமாறாக ஓடும். துடிப்பு அவ்வளவு சின்னது, மீட்டர் பிடிக்காது. எல்இடி டெஸ்ட் லைட் போட்டால் பளிச் பளிச் என்று தெரியும். போர்டிலிருந்து துடிப்பு வருகிறதா என்று அறிய அது போதும்.

---

வடக்குப்பயணி:

டெம்பரேச்சர் மோட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அது கோளாறு இல்லை. வேனுக்குள் 31 இருக்கும்போது 22 கேட்டால் அது எதற்குப் பற்றவைக்கும்? ஹெர்ட்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். அதில் அறை வெப்பத்தைப் பார்க்காமல் பம்ப் வேகத்தை நீங்களே வைக்கலாம். வெளிச் சென்சார் உள்ள ஹீட்டராக இருந்தால் சென்சாரை பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் கட்டிக்குள் புதைத்துவிடுங்கள், குளிர்காலம் வந்துவிட்டது என்று நம்பிவிடும். டெம்பரேச்சர் மோட் உண்மையிலேயே ஏறி இறங்குகிறதா என்று இங்கே பார்க்க வேறு வழியில்லை.

வெயிலில் நின்ற வேனுக்குள் சோதிக்காதீர்கள். உள்ளே இழுக்கும் காற்றே 45 டிகிரியாக இருந்தால் உடம்பு சீக்கிரம் சூடேறி ஈ-05 வரும், இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். காலையில், கதவெல்லாம் திறந்து, சூட்டுக் குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

பல மாடிக் கார் நிறுத்துமிடத்திலோ அடித்தளத்திலோ வேண்டவே வேண்டாம். எக்ஸாஸ்ட்டில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. காற்றோட்டமான திறந்த இடம், வேனுக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம், இரண்டும் இருந்தால்தான் சோதனை.

எரிந்துகொண்டிருக்கும்போது ஃபியூஸைப் பிடுங்கி நிறுத்துவதும் கூடாது. ஆஃப் செய்த பிறகு ஃபேன் சில நிமிடம் ஓடி உடம்பை ஆற்றும். அதை வெட்டிவிட்டால் உள்ளே தேங்கிய சூட்டில் சென்சார் வயரும் பிளாஸ்டிக்கும் உருகும், போர்டும் வேகும். பேட்டரி ஐசோலேட்டர் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் தெரியாமல் இதைத்தான் செய்கிறார்கள். ஹீட்டர் வயர் ஐசோலேட்டருக்கு முன்னாலிருந்து, தன் ஃபியூஸோடு, நேராகப் போகட்டும்.

---

தெம்பனிஸ்வாசி:

மைனஸை 6 ச.மி.மீ. வயரில் பேட்டரிக்கே கொண்டுபோய்விட்டேன். ஃபியூஸ் ஹோல்டரில் 0.28 வோல்ட் டிராப் இருந்தது, உள்ளே ஒரு பக்க டெர்மினல் நீலம் பாய்ந்திருந்தது. அதையும் மாற்றிவிட்டேன். இப்போது குளோ ஓடும்போது பேட்டரி 12.3, ஹீட்டர் கனெக்டர் 11.9. உள்ளே குளோ பிளக் கனெக்டரில் ஒரு பின் பழுப்பேறித் தளர்ந்திருந்தது, புது டெர்மினல் அமுக்கியாகிவிட்டது. ஹெர்ட்ஸ் மோடில் உடனே பற்றுகிறது, புகை கொஞ்ச நேரம்தான்.

ஐஸ் கட்டியில் வைக்க வெளிச் சென்சார் இல்லை, கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது? கையோடு எந்த ஸ்பேர் எடுத்துப்போவது?

---

வடக்குப்பயணி:

கன்ட்ரோலரை அதன் வயர் எட்டும் தூரத்தில் ஐஸ் பாக்ஸில் வையுங்கள், ஆனால் ஜிப் பையில் போட்டு மூடி. குளிர்ந்த பொருளை நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்தால் உடனே வியர்த்துவிடும், அந்த ஈரம் போர்டில் இறங்கும். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிடுங்கள்.

ஸ்பேர்: குளோ பிளக் ஒன்று, அதைக் கழற்றும் நீள சாக்கெட், சல்லடை வலை இரண்டு, பிளக்குக்கான கேஸ்கட், 20 ஆம்ப் ஃபியூஸ் சில, பாடி சென்சார் ஒன்று, வயர்மேன் அண்ணன் சொன்ன அந்த 55 வாட் பல்பு. போர்டு வேண்டாம், இடத்தை அடைக்கும். இங்கே நிரப்பிய டீசலோடு குளிருக்குள் போகாதீர்கள், நம் ஊர் டீசல் குளிருக்குச் செய்ததல்ல, மெழுகு கட்டிவிடும். யுன்னானில் மேலே ஏறும் முன் அங்கே விற்கும் குளிர்கால டீசலை நிரப்பி, அது ஹீட்டர் லைனுக்குள் வரும்வரை ஹீட்டரை ஓட்டிவிடுங்கள்.

---

ஓம்விதி:

11.9 நல்ல எண். கிளம்பும் முன் ஒருமுறை பேட்டரி பாதி இறங்கிய நிலையிலும், அதாவது சும்மா இருக்கும்போது 12.2 அளவில், இதே அளவை எடுத்துக் குறித்துவையுங்கள். குளோ நேரத்தில் கனெக்டரில் 11.3-க்குக் கீழே போகாவிட்டால் வயரிங்கை மறந்துவிடலாம். போனால் பேட்டரியை லோடு டெஸ்ட் போடுங்கள், அப்போது பிரச்சினை அங்கே.